டியூபாவுக்கு எண்ணெய் வாங்கினீர்களா?

போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஒரு பாடசாலையில் புதிய பாண்ட் வாத்தியங்கள் கையளிப்பு. மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் ட்ரம்பட் ஆறு, ட்ரொம்போன் இரண்டு, ஒரு யூபோனியம். பக்கத்தில் பொலித்தீன் கூடக் கழற்றாத பெரிய டியூபா. அதிபர், பழைய மாணவர் சங்கத் தலைவர், பிரதம அதிதி மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே வரிசையாக "மாஷா அல்லாஹ்". நானும் ஒன்று போட்டேன். அதற்குப் பிறகு "இதற்கு எண்ணெய் வாங்கினீர்களா?" என்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். நல்ல காரியம் நடக்கும்போது குறை பிடிக்க வந்தவன் என்று பெயர் வரும்.

அழித்துவிட்டேனே தவிர மனது கேட்கவில்லை. அந்தப் பாடசாலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் வாங்கியும் இருக்கலாம். நான் சொல்லப்போவது நான் பொறுப்பாக இருந்த பாண்டைப் பற்றி. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் நான் படித்தது கணிதம். பாண்டுக்குப் பொறுப்பாசிரியர் ஆனது எப்படி என்றால், முன்பு பொறுப்பாக இருந்த டீச்சர் இடமாற்றம் பெற்றுப் போனார். ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் ஒரு சுற்றுப் பார்த்தார், இருந்தவர்களில் வயது குறைந்தவன் நான். அவ்வளவுதான் தகுதி. அங்கே மேலைத்தேய சங்கீத ஆசிரியர் ஒருவர் இருந்ததே இல்லை. அழகியலுக்குச் சித்திரம் மட்டும். ட்ரம்பட்டில் எத்தனை வால்வ் என்று கேட்டால் எனக்கு அன்று எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டியூபா அடுத்த வருடம் வந்தது. ஜேர்மனியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பாவித்த டியூபா ஒன்றை வாங்கி, வேறு சாமான்களோடு கப்பலில் அனுப்பியிருந்தார். பெரிய மனது அவருக்கு, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். பிள்ளைகள் அதற்கு ஆனைக்குட்டி என்று பெயர் வைத்தார்கள். பத்துக் கிலோ பாரம். பி ஃபிளாட் டியூபாவின் குழாயைச் சுருள் நிமிர்த்தி நேராக்கினால் 18 அடி வரும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாங்களும் கையளிப்பு நிகழ்வு வைத்தோம். நாங்களும் படம் எடுத்தோம்.

வாசிக்கத் தரம் 10இல் ஒரு பையனைத் தெரிவு செய்தேன். மெலிந்த பிள்ளை. வாப்பா ஊர் ஊராகப் போய் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளை டவுனில் விற்கிறவர். பையனுக்கு ஆர்வம் என்றால் அப்படி ஒரு ஆர்வம், இன்டர்வெல்லுக்கும் ஸ்டோர் ரூம் சாவி கேட்டு வந்து நிற்பான். இரண்டு மாதம் ஊதினான். சத்தம் வரும், ஆனால் சில சுரங்கள் மட்டும் அடைத்த மூக்கால் பேசுவது மாதிரி வரும். விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டது. ஒருநாள் அவன் வந்து சொன்னான்:

"சேர், ஒன்றும் அமத்தாட்டி நல்லா வருது. ரெண்டாவது வால்வ அமத்தினா மட்டும் மூச்சு உள்ளுக்கு போகுதில்ல சேர்."

இந்த வசனத்தைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். பிழை எங்கே, எப்போது, எந்த வால்வில் என்று பதினைந்து வயதுப் பிள்ளை அச்சொட்டாகச் சொல்லிவிட்டான். சமன்பாட்டில் ஒன்றை மாற்று, மற்றதை மாற்றாமல் வை, அப்போது என்ன நடக்கிறது என்று பார் என்று வகுப்பில் நான் தொண்டை வறளக் கத்துவதை அவன் செய்து காட்டியிருக்கிறான். நான் சொன்ன பதில்: "உனக்கு மூச்சுப் போதாது மகன். இது பெரிய உடம்புக்காரர் வாசிக்கிற சாமான்."

அவனிடமிருந்து வாங்கிக் குண்டான ஒரு பையனிடம் கொடுத்தேன். அவனுக்கும் வரவில்லை. அந்த வருடம் அணிவகுப்பு டியூபா இல்லாமலே நடந்தது. ஆனைக்குட்டி ஸ்டோர் ரூமில் உடைந்த கதிரைகளுக்குப் பின்னால் போனது. இரண்டு வருடம்.

அதற்குப் பிறகு பாண்ட் பழக்குவதற்கு இராணுவ வாத்தியக் குழுவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை, பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் இருந்து, அதிபர் கூட்டி வந்தார். அறுபது தாண்டிய மனிதர். டியூபாவைக் காட்டினேன். ஊதிப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஊதவில்லை. நெம்புகோல்களை ஒவ்வொன்றாக விரலால் அமத்திப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், ஸ்க்ரூ ட்ரைவர் கேட்டார். வால்வின் பின்பக்க மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே வட்டமான பித்தளைத் தட்டு, நடுவில் அச்சின் நுனி. தட்டில் இரண்டு கோடு, அச்சில் ஒரு கோடு கீறியிருக்கிறது. கை வைக்காதபோது அச்சின் கோடு தட்டின் ஒரு கோட்டோடு நேராக நிற்க வேண்டும், அமத்தினால் திரும்பி மற்றக் கோட்டோடு நேராக நிற்க வேண்டும். முதலாவது வால்வ் சரி. இரண்டாவதை அமத்தினார். அச்சின் கோடு தட்டின் கோட்டைத் தாண்டி ஓடியது.

ரோட்டரி வால்வ் என்பது சின்ன விஷயம்தான். உருளை மாதிரி ஒரு பித்தளைத் துண்டு, அதில் காற்றுப் போக இரண்டு பாதை குடைந்திருக்கும். நெம்புகோலை அமத்தினால் உருளை கால் வட்டம் திரும்பும், காற்று வேறொரு மேலதிகக் குழாய்ச் சுற்றுக்குள் போய் வரும், குழாய் நீளமாவதால் சுரம் இறங்கும். கால் வட்டம் என்றால் கால் வட்டம். கூடினாலும் குறைந்தாலும் பாதையும் குழாய் வாயும் நேராகச் சந்திக்காது, வாய் பாதி அடைபட்டுவிடும். சரியான இடத்தில் நிறுத்துவதற்கு ஒவ்வொரு வால்விலும் இரண்டு சின்னக் கார்க் துண்டுகள் இருக்கும். எங்கள் இரண்டாவது வால்வில் ஒரு கார்க் உக்கி விழுந்துவிட்டது. கப்பலில் விழுந்ததோ, ஜேர்மனியிலேயே விழுந்ததோ.

ஒரு விரல் நகம் அளவு கார்க்.

அந்த மனிதர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "சேர், இது பிள்ளையின் பிழை இல்லை." நான் அந்தப் பையனைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. இப்படிப் பல பாடசாலைகளில் பார்த்திருப்பார் போல.

விஞ்ஞான ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் அடைக்கிற கார்க் ஒன்றை வாங்கி, பிளேட்டால் சீவி, கோடுகள் நேராகும் வரை கொஞ்சம் கொஞ்சமாக உரசி வைத்தார். அரை மணித்தியாலம். செலவு எதுவும் இல்லை.

அதோடு முடியவில்லை. இன்னொரு வால்வ் அமத்தினால் போகும், திரும்பி வர மறுக்கும். மூடியைத் திறந்து விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தவர் என்னைப் பார்த்தார். தேங்காய் எண்ணெய். போட்டது யார்? போடச் சொன்னது நான். பிள்ளைகள் "வால்வ் இறுகுது சேர்" என்றபோது, கடைக்குப் போய் ஒரு சின்னப் போத்தல் வாங்கிக்கொண்டு வா என்று காசு கொடுத்ததே நான்தான். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். ஜனவரி மாதம் காலையில் எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கும் போத்தல் வெள்ளையாக உறைந்து நிற்பதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். உம்மா அதை வெயிலில் வைப்பார். காலை ஏழு மணிப் பயிற்சியில் வால்வ் ஏன் இறுகுகிறது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. உறையாவிட்டாலும் நாளாக நாளாக அது பிசினாகிவிடும்.

சிலர் தையல் மெஷின் எண்ணெய் விடுகிறார்கள். அது உருளைக்குத் தடிப்பு அதிகம். உருளைக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் இடையே முடியை விட மெல்லிய இடைவெளிதான். அங்கே மெல்லிய எண்ணெய்தான் ஓடும். அந்த எண்ணெய்ப் படலம் வழுக்குவதற்கு மட்டுமல்ல, காற்றுக் கசியாமல் அடைப்பதற்கும் வேண்டும். எண்ணெய் இல்லாத பழைய டியூபாவில் எவ்வளவு ஊதினாலும் கொஞ்சம் மூச்சு வீணாகப் போகும். அதுவும் பிள்ளையின் கணக்கில்தான் எழுதப்படும்.

அவர் எங்களுக்குக் காட்டியதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். எண்ணெய் மூன்று இடத்துக்கு, மூன்று விதம். உருளைக்கு மெல்லியது. அச்சு சுழலும் இரண்டு முனைக்கும் கொஞ்சம் தடித்தது: பின்பக்க மூடியைக் கழற்றி அச்சின் நடுவில் ஒரு சொட்டு, முன்பக்கம் நெம்புகோல் பிடித்திருக்கும் கைக்கு அடியில், அச்சு வெளியே வரும் இடத்தில் ஒரு சொட்டு. நெம்புகோல் மூட்டுகளுக்கு அதைவிடத் தடித்தது, மூட்டுக்கு ஒரு சொட்டு. உருளைக்கு விடுவதற்கு அந்த வால்வின் ஸ்லைட் குழாயைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது நெம்புகோலை அமத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே காற்று இழுபடும். ஊசி மூக்குள்ள போத்தலை நன்றாக உள்ளே விட்டுச் சொட்டுங்கள். குழாயின் ஓரத்தில் ஊற்றினால் அங்கே பூசியிருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு உருளைக்குள் போய்விடும். விட்ட பிறகு நெம்புகோலை இருபது முப்பது தடவை அமத்தி விடுங்கள். அச்சுக்கும் மூட்டுக்கும் கிழமைக்கு ஒருமுறை, உருளைக்கு வாசிக்கிற நாட்களில். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

உருளையை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பிஸ்டன் வால்வ் என்றால் மேல் மூடியைத் திருகி வெளியே எடுத்துத் துடைக்கலாம், பிள்ளைகளே செய்வார்கள். ரோட்டரியில் பின் தட்டைத் திரும்பப் பூட்டும்போது ஒரு மயிரிழை சரிந்தாலும் மொத்தமும் இறுகிவிடும். இறுகிய வால்வைச் சுத்தியலால் தட்டுகிற வீரர்களும் எங்கள் ஆசிரியர்களில் இருக்கிறார்கள். எண்ணெய் விட்டு ஒரு இரவு அப்படியே விடுங்கள்.

வெளியே பிராசோ போட்டு மினுக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. கையளிப்புக்கு முதல்நாள் நாங்கள் செய்தது அதைத்தான். வெளியே பூசியிருக்கும் லக்கரை அது தேய்த்து எடுத்துவிடும். உள்ளே களிம்பு ஏறிக்கொண்டிருக்கும், வெளியே தங்கம் மாதிரி மின்னும். ஊதும்போது உள்ளே சேர்வது முக்கால்வாசி எச்சில் அல்ல, மூச்சின் ஈரம். அதை வடிக்காமல் வைத்தால்தான் களிம்பு. பயிற்சிக்கு முன் சீனி போட்ட ப்ளேன்டீ குடித்துவிட்டு அப்படியே ஊதினால் சீனியும் சேர்ந்து போகும். வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

எங்கள் பாடசாலைகளில் பாண்ட் எப்போது வெளியே வருகிறது? ஜனவரி கடைசியில், விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது. எப்போது உள்ளே போகிறது? போட்டி முடிந்த அன்று மாலை, ஈரத்தோடு, வடிக்காமல். வருடக் கடைசியில் மாத்தளையில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குத் தெரியும், உடுப்பே காயாது. அந்த மாதங்கள் முழுக்க ஸ்டோர் ரூம் பூட்டிக் கிடக்கும். திறந்த பிறகு இரண்டு கிழமையில் பிள்ளைகள் "நன்றாக" வாசிக்க வேண்டும்.

என்னுடைய கருத்து இதுதான், யாருக்குக் கோபம் வந்தாலும்: எண்ணெயும் கார்க்கும் அதைப் போடப் பழகிய ஒரு ஆளும் இல்லாமல் கொடுக்கப்படும் வாத்தியம் பாதி அன்பளிப்பு. கொடுப்பவர்கள் ட்ரம்பட் ஆறுக்குப் பதில் ஐந்து கொடுங்கள், ஆறாவதின் காசைப் பராமரிப்புக்கு வையுங்கள். ஐந்து வருடத்துக்கு எண்ணெய் வரும், இரண்டு தடவை கொழும்பில் காட்டிச் செய்து எடுக்கவும் காணும். இதைச் சொன்னால் "எண்ணெய்ப் போத்தலைக் கையளிக்கிற மாதிரிப் படம் எடுக்க ஏலுமா?" என்று ஒரு நண்பர் சிரித்தார். பகிடிதான், ஆனால் பிரச்சினையே அதுதான்.

வருடா வருடம் பொருள் கணக்கெடுப்புக்கு வருகிறார்கள். "டியூபா 01" என்று இருக்கிறது, டியூபா ஒன்று நிற்கிறது, சரி போடுகிறார்கள். இரண்டு வருடம் ஊத முடியாமல் நின்ற டியூபாவுக்கும் சரி விழுந்தது. வேலை செய்கிறதா என்று கேட்க அந்தப் பதிவேட்டில் ஒரு நிரல் இல்லை. கணினி அறையும் அப்படித்தான், தண்ணீர் வடிகட்டியும் அப்படித்தான், அவற்றைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

"மலசலகூடத்துக்குத் தண்ணீர் இல்லை, கணிதத்துக்கு ஆள் இல்லை, உங்களுக்கு டியூபா எண்ணெயா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கணித ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றி எனக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. தெரிவு என்று வந்தால் தண்ணீர்தான் முதலில். ஆனால் இங்கே தெரிவு எங்கே வருகிறது? டியூபா ஏற்கனவே வந்துவிட்டது. நான் கொழும்பில் வாங்கிய எண்ணெய்ப் போத்தல் இரண்டு கொத்து ரொட்டி விலை, ஒரு வருடம் போனது.

இன்னொரு கேள்வியும் வரும், எங்கள் சமூகத்தில் கட்டாயம் வரும்: முஸ்லிம் பாடசாலைக்கு பாண்ட் தேவையா? இன்பொக்ஸில் இப்போதே யாரோ எழுதிக்கொண்டிருப்பார். கூடுமா கூடாதா என்பது ஆலிம்களுடைய வேலை, கணித வாத்தியாருடையது அல்ல. கூடாது என்று நினைக்கும் பாடசாலை வாங்காமல் இருக்கட்டும், அதை மதிக்கிறேன். ஆனால் மேடை போட்டு வாங்கிவிட்டுக் களிம்பு பிடிக்க விடலாம் என்று எந்த மத்ஹபிலும் நான் படிக்கவில்லை. கைக்கு வந்த பிறகு அது அமானிதம்.

"வெள்ளைக்காரன் சாமான்" என்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். ஐரோப்பிய இராணுவ பாண்டுக்குப் பெரிய மேளமும் கைத்தாளமும் போனதே உதுமானியப் படைகளின் மெஹ்தர் குழுக்களைப் பார்த்து. பிறகு 1828இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் அரண்மனை பாண்டை நடத்த இத்தாலியில் இருந்து டொனிசெட்டி என்பவரை இஸ்தான்புலுக்கு அழைத்தார். டியூபா அதற்கும் பிந்தியது. 1835 செப்டம்பரில் பெர்லினில் வீப்ரெஹ்ட், மோரிட்ஸ் என்ற இருவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அதே 1835இல் வியன்னாவில் யோசப் ரீடில் ரோட்டரி வால்வுக்குப் பெற்றார். பக்கத்து இந்தியாவில், மீரட்டின் ஜாலி கோட்டியில் ட்ரம்பட்டும் யூபோனியமும் அடித்து உருவாக்குகிற தெருவே இருக்கிறது. நாதிர் அலி என்ற பாண்ட் மாஸ்டர் 1885இல் தொடங்கிய நிறுவனம் அங்கேதான். பித்தளையை உருட்டி, வளைத்து, பற்றவைத்துத் தலைமுறையாகச் சாப்பிடும் முஸ்லிம் குடும்பங்கள் அங்கே நிறைய. எங்கள் மாவட்டத்தில் டியூபா வால்வ் திறக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி நான் அலைந்தபோது அந்தத் தெருவை நினைத்துக்கொள்வேன். இங்கே கராஜில் கார்பரேட்டர் கழற்றிப் பூட்டுகிற பிள்ளைகளுக்கு இது ஒரு மாத வேலை, பழக்கிவிட ஆள் இருந்தால்.

அந்தப் பையனைப் போன வருடம் கண்டேன். சாதாரண தரத்தோடு நின்றுவிட்டான், வாப்பாவோடு மிளகு எடுக்கிறான். டவுனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். சலாம் சொன்னான். நான் நடுத்தெருவில் நின்று அவனுக்கு கார்க் கதையைச் சொன்னேன். அன்று அவன் சொன்னது சரி, நான் சொன்னது பிழை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ரெண்டாவது வால்வ் தானே சேர்?" என்றான். ஓம் என்றேன். "நான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போனான். கோபமா, பகிடியா என்று முகத்தில் தெரியவில்லை. அவனுக்கு வாசிக்கக் கிடைக்காமல் போன இரண்டு வருடத்தை நான் எந்தக் கார்க்கால் அடைப்பது?

இப்போது ஆனைக்குட்டியைத் தரம் 9இல் ஒரு மெலிந்த பிள்ளை வாசிக்கிறான். நன்றாக வாசிக்கிறான். வாசிக்கிறவனே எண்ணெய் விடுவான், போத்தல் அவன் பையில், தேதி எழுதிய கொப்பி ஒன்றும் இருக்கிறது. "மூச்சு முட்டுது" என்று யாராவது சொன்னால் முதலில் மூடியைத் திறந்து கோட்டைப் பார்ப்போம், பிறகுதான் பிள்ளையைப் பார்ப்போம்.

அச்சுக்கு விடும் தடித்த எண்ணெய் முடியப்போகிறது. இந்தக் கிழமை கொழும்புக்குப் போகிற யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். "ரோட்டர் பேரிங்" என்று போட்டிருக்கும் போத்தல் வேண்டும், வேறு எண்ணெய் தந்தால் எடுக்க வேண்டாம். காசு கையில் தருகிறேன்.